பேச்சிப்பாறைப் பக்கம் விளையில் நின்று வானம் பார்த்தால் என்ன தெரியும்?

கேள்வி இதுதான். கேட்டவருக்குச் சென்னையில் வேலை. குமரி மாவட்டத்தில், குலசேகரத்தைத் தாண்டிப் பேச்சிப்பாறை போகிற வழியில் அம்மா வீடு. வீட்டைச் சுற்றி ரப்பர் விளை, அதாவது தோட்டம். பக்கத்து வீடு கொஞ்சம் தள்ளி. "அங்கே வானம் நன்றாக இருட்டாக இருக்குமா? எந்த மாதம் வரலாம்? 6 இன்ச் டெலஸ்கோப் ஒன்று வாங்கி அங்கேயே வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்கிறார்.

இருட்டு நிச்சயம் கிடைக்கும். சென்னை மொட்டை மாடியில் இருபது முப்பது நட்சத்திரம் எண்ணிப் பழகியவருக்கு அந்த முற்றம் முதல் இரவிலேயே ஆளைத் திகைக்க வைக்கும். ஆனால் இருட்டு வேறு, வானம் வேறு. நம் மலையோர ஊர்களில் தெருவிளக்கைவிட ஈரமும் மரமும்தான் அதிகம் மறைக்கின்றன. பூதப்பாண்டிப் பக்கம் வயல்வெளியிலும், குலசேகரத்துக்கு மேலே உறவினர் வீட்டு விளையிலுமாகப் பதினைந்து ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். இருட்டு சரியில்லாமல் வீணான இரவுகள் கொஞ்சம்தான். மேகத்திலும், மஞ்சு என்று நாங்கள் சொல்கிற மூடுபனியிலும் வீணானவை ஏராளம்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். குமரி மாவட்டத்தில் ஒதுக்குப்புறம் என்று சொல்ல இடம் குறைவு. 2011 கணக்கெடுப்பில் 18.7 லட்சம் பேர், பரப்போ 1,700 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அதிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காடு. மீதி நிலத்தில் ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் வரை இரவில் ஒரே வெளிச்சப் பட்டை. வடக்கே போகப் போகத்தான் கதை மாறுகிறது. 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட 402 சதுர கிலோமீட்டர் காடு அங்கே கிடக்கிறது. அதையும் தாண்டினால் களக்காடு முண்டந்துறைக் காடு.

பேச்சிப்பாறையில் நின்று கைகாட்டிச் சொல்வதென்றால்: தெற்கே குலசேகரம், அதற்கு நேர் பின்னால் தக்கலை. தென்கிழக்கே முப்பது கிலோமீட்டர் சுமாரில் நாகர்கோவில். தென்மேற்கே மார்த்தாண்டம். மேற்கே நாற்பது கிலோமீட்டருக்கு மேல் திருவனந்தபுரம். அவ்வளவு தூரத்தில் இருந்தும் அதன் வெளிச்சம் மேற்கு அடிவானத்தில் வெளிறிய குடைபோலத் தெரியும். வடக்கும் கிழக்கும் மலையும் காடும். அந்தப் பக்கம் உண்மையான கறுப்பு.

இதில் ஒரு சங்கடம் உண்டு. நம் மாவட்டத்தின் வான்சொத்து தெற்கில் இருக்கிறது, வெளிச்சமும் தெற்கில்தான் இருக்கிறது.

ஏன் தெற்கைச் சொத்து என்கிறேன்? பேச்சிப்பாறை ஏறக்குறைய எட்டரைப் பாகை (டிகிரி) வட அட்சரேகையில் இருக்கிறது. அதனால் வானத்தின் தென் துருவத்தைச் சுற்றியுள்ள சின்ன வட்டம் ஒன்றைத் தவிர, பூமியிலிருந்து பார்க்கக்கூடிய நட்சத்திரங்கள் எல்லாமே ஆண்டில் ஏதோ ஒரு நேரத்தில் நம் அடிவானத்துக்கு மேலே வந்து போகும். தெற்குச் சிலுவை, நாம் திரிசங்கு என்று சொல்வது, இங்கே 22 பாகை உயரம் ஏறும். சென்னையில் அது 17 பாகை. டெல்லியில் அடிவானத்தை உரசிக்கொண்டு போகும். தென்வானமும் தெரிய வேண்டும் என்பது வாணியம்பாடிப் பக்கம் காவலூரில் வானாய்வகம் அமைந்ததற்கு ஒரு காரணம். அந்தக் காவலூரைவிட நாம் இன்னும் நான்கு பாகை தெற்கே இருக்கிறோம்.

அகத்தியர் நட்சத்திரம் (கனோபஸ்) 29 பாகை ஏறும். வடக்கே அகத்தியமலை, தெற்கே அகத்தியர் நட்சத்திரம் என்று இரண்டுக்கும் நடுவில் நம் ஊர்கள் இருப்பது எனக்கு எப்போதுமே மகிழ்ச்சி தருகிற விஷயம். அந்த மலைமேல் 1850களில் ஜான் ஆலன் புரவுன் என்பவர் காந்தப்புலத்தையும் வானிலையையும் அளக்க ஒரு கூடம் கட்டினார். சுவாதித் திருநாள் காலத்தில், 1837இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய வானாய்வகத்தின் இயக்குநர் அவர். நம் பகுதி அன்று திருவிதாங்கூர். ஆக, இந்த மலையோர வானத்தைக் கருவி வைத்துக் கவனிப்பது நமக்குப் புதிது இல்லை.

உயரத்தை அளக்கக் கருவி வேண்டாம். கையை நேராக நீட்டி மூடினால், மூடிய கையின் அகலம் பத்துப் பாகை. உங்கள் முற்றத்தில் தெற்கே பார்த்து, கண்மட்டத்திலிருந்து கைமேல் கை வைத்து எண்ணுங்கள். மரமும் பக்கத்து மேடும் ஒரு கை உயரத்துக்குள் நின்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். இரண்டு கை என்றால் திரிசங்கு தப்பித் தவறித்தான் தெரியும். மூன்று கை என்றால் அகத்தியரே மறைந்துவிடுவார், அந்த முற்றத்தில் தலைக்கு மேலே உள்ளதை மட்டும் பார்க்கலாம். டெலஸ்கோப் பற்றி யோசிக்கும் முன்னால் அம்மாவிடமோ தம்பியிடமோ சொல்லி இதை எண்ணச் சொல்லுங்கள். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

தாழ்வான நட்சத்திரம் என்றால் காற்றும் தடை. தலைக்கு மேலே இருக்கும் காற்றோடு ஒப்பிட்டால், 22 பாகை உயரத்தில் உள்ள ஒளி இரண்டரை மடங்குக்கு மேற்பட்ட காற்றைக் கடந்து நம்மிடம் வருகிறது. 12 பாகை என்றால் ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஈரம் நிறைந்த காற்று அந்த ஒளியைக் குடித்துவிடும். போதாக்குறைக்குக் கீழே இருக்கும் ஊர் வெளிச்சத்தையும் அதே ஈரம்தான் மேலே சிதறடிக்கிறது. தக்கலை வெளிச்சம் ஓர் இரவு மூன்று கை உயரம் வரை பரவுவதும், இன்னோர் இரவு ஒரு கைக்குள் அடங்குவதும் இதனால்தான். விளக்கு அதே விளக்கு, காற்று வேறு. எனவே எந்த ஊர் என்பதைவிட எந்த இரவு என்பதே பெரிய கேள்வி.

சரி, எந்த இரவு?

இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம் இது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. மலையோரத்தில் இரண்டுமே தாராளமாகப் பெய்யும். மிச்சம் இருப்பதில் பொங்கல் முடிந்து மார்ச் பாதி வரையிலான இரண்டு மாதம்தான் நம்பி டிக்கெட் போடக்கூடிய காலம். பொங்கலுக்கு முன்னால் வானம் தெளிந்தாலும் தரை வெளிச்சம் அதிகம். கிறிஸ்துமஸுக்கு வீட்டு வாசலில் தொங்கவிட்ட நட்சத்திர விளக்குகள் ஜனவரி முதல் வாரம் வரை எரியும். அவை எரிகிற அழகே தனி, அந்த நாட்களில் அதைப் பார்க்கலாம்.

உங்கள் விளையில் இன்னொரு நல்ல விஷயம் இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. ரப்பர் மரம் மார்கழிக் கடைசியில் இலை உதிர்க்கத் தொடங்கித் தை மாதத்தில் மொட்டையாக நிற்கும். மற்ற மாதங்களில் கூரைபோல மூடியிருக்கும் அதே தோட்டம், மழை ஓய்ந்து வானம் தெளிகிற சமயத்தில் தானாகத் திறந்துகொள்கிறது. கிளைகளுக்கு நடுவே திருவாதிரையும் ரோகிணியும் கார்த்திகைக் கூட்டமும் தெரிவதை ஒருமுறை பார்த்தால் பிறகு ஆண்டுதோறும் அந்த வாரத்தைத் தேடி வருவீர்கள். மாசியில் செம்பு நிறத் தளிர் வந்துவிடும், ஆனாலும் அடர்த்தி இருக்காது. பங்குனிக்குப் பிறகு கூரை மூடிவிடும். அப்போது முற்றத்துக்கோ, குளத்தங்கரைக்கோ, சானல் (கால்வாய்) கரைக்கோ போக வேண்டியதுதான்.

சித்ரா பௌர்ணமிக்குக் குமரிமுனையில் கூட்டம் கூடும். நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரான நாள், நம் ஊர்ப் பேச்சில் கருத்தவாவு. தை அமாவாசை, மாசி அமாவாசை இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். மரம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்றால் தை. காற்று இன்னும் உலர்ந்து, விடியலில் பால்வீதியின் நடுப்பகுதியும் வேண்டும் என்றால் மாசி. எனக்கு மாசிதான்.

மாசி அமாவாசைக்கு முந்தைய இரவு சிவராத்திரி. சிவாலய ஓட்டம் நடக்கிற நாட்கள் அவை. முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு கோவில்களுக்கும் விசிறியோடு "கோவிந்தா கோபாலா" சொல்லிக்கொண்டு ஓடுபவர்கள் திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை வழியாக உங்கள் ஊர்ப் பக்கமே போவார்கள். சிறு வயதில் ஒருமுறை அவர்களோடு நடந்தபோது, திருநந்திக்கரைக்கு அப்புறம் ஒரு திருப்பத்தில் விளக்கே இல்லாத இடத்தில் நின்று மேலே பார்த்தேன். வானத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான் என்று இன்றும் சொல்வேன். ஆண்டின் மிகக் கறுத்த, மழை குறைந்த இரவுகளில் ஒன்றில் மாவட்டமே விழித்திருக்கிறது. ஓடுபவர்களில் யாராவது அரை நிமிடம் அண்ணாந்து பார்த்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒவ்வோர் ஆண்டும் நினைப்பேன்.

அப்படி ஒரு பிப்ரவரிக் கடைசி இரவு எப்படிப் போகும் என்று சொல்கிறேன். சூரியன் ஆறரைக்கு மறையும். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்தி சீக்கிரம் முடிந்துவிடும், ஏழே முக்காலுக்கு முழு இருட்டு. அந்த நேரத்தில் மேற்கே அடிவானத்திலிருந்து சாய்வாக எழும் மங்கலான வெள்ளைக் கூம்பு ஒன்றைத் தேடுங்கள். சூரியனைச் சுற்றியுள்ள தூசியில் பட்டுத் தெறிக்கும் ஒளி அது. திருவனந்தபுரம் வெளிச்சம் என்று நினைத்துப் பல ஆண்டுகள் நானே விட்டிருக்கிறேன். வேறுபடுத்துவது எளிது. ஊர் வெளிச்சம் குடைபோல அகலமாக, இரவு முழுவதும் அதே இடத்தில் நிற்கும். இந்தக் கூம்பு உயரமாக, கிரகங்கள் போகும் பாதையை ஒட்டிச் சாய்ந்து நிற்கும், ஒன்பது மணிக்குள் கரைந்துவிடும்.

அதே ஏழே முக்கால், எட்டு மணிக்குத் தெற்கே அடிவானத்துக்கு ஒரு கைக்குச் சற்று மேலே பெரிய மெகல்லன் மேகம் தன் உச்ச உயரத்தில் இருக்கும். நம் பால்வீதிக்குப் பக்கத்து விண்மீன் திரள் அது. தெற்கு முழுக்கத் திறந்து, வெளிச்சம் அடங்கிய அபூர்வமான இரவில் மட்டும், கிழிந்த மேகத் துண்டுபோல ஒரு மங்கல் தெரியும். பதினைந்து ஆண்டுகளில் நான் சந்தேகமில்லாமல் பார்த்தது இரண்டே முறை. எட்டரைக்கு அகத்தியர் உச்சியில் நிற்பார், அவரை யாரும் தவறவிட முடியாது. பிறகு தலைக்கு மேலே பூச நட்சத்திரம். வெறும் கண்ணில் பஞ்சுபோலத் தெரியும், பைனாகுலரில் பார்த்தால் கூட்டமாகப் பிரியும். தைப்பூசத்தன்று நிலா அதன் பக்கத்திலேயே முழுசாக நிற்பதால் அன்றைக்கு மட்டும் அது கண்ணுக்குச் சிக்காது.

நள்ளிரவுக்கு மேல் வடக்கே மலைக்கு மேலே சப்தரிஷி மண்டலம் நன்றாக ஏறியிருக்கும். வசிட்டரையும் அருந்ததியையும் பிரித்துப் பார்க்க அது நல்ல நேரம். இரண்டரை மணி சுமாருக்குத் திரிசங்கு நேர் தெற்கே நிமிர்ந்து நிற்கும். ஒரு மணி நேரம் கழித்து, அதைவிட ஒரு கை உயரத்தில் ஒமேகா சென்டாரி. வெறும் கண்ணில் கலங்கிய நட்சத்திரம் மாதிரித் தெரிவது, டெலஸ்கோப்பில் லட்சக்கணக்கான நட்சத்திரங்களின் பந்து என்று புரியும். நம் மாவட்டத்துக்கு டெலஸ்கோப் வாங்குவதற்கு அது ஒன்றே போதுமான காரணம். ஐந்து மணிக்குத் தென்கிழக்கே கேட்டைக்கு இடப்பக்கம் பால்வீதியின் நடுப்பகுதி மூன்று கை உயரத்துக்கு மேல் ஏறியிருக்கும். ஐந்தே காலுக்கெல்லாம் கிழக்கு வெளுக்கத் தொடங்கும்.

இதில் தடையாக வருவது மஞ்சு. தை, மாசியில் இரவு குளிர்ந்ததும் ஈரக்காற்று பள்ளத்தில் போய்த் தேங்கும். ஓடைக்கரையிலும் வயலிலும் இரண்டு, மூன்று மணிக்கு மேல் வெள்ளையாக மூடிவிடும். இருபது முப்பது அடி மேடான இடத்தில் நின்றால் பல நாட்கள் அதற்கு மேலே தப்பித்துவிடலாம். வீடு பள்ளத்தில் இருந்தால் மொட்டை மாடியே முற்றத்தைவிட மேல். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற பெரியவர் ஒருவர்தான் இதை எனக்குச் சொல்லித்தந்தார். "மஞ்சு முதல்ல ஓடையில எழும்பும், அப்புறம்தான் விளைக்கு வரும். ஓடையப் பாத்துக்கிட்டே இரு" என்றார். மூன்று, நான்கு மணிக்குத் தலையில் லைட் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போகிறவர்கள் அவர்கள். அந்த விடியல் வானத்தை அவர்களைவிட அதிகம் பார்த்தவர்கள் நம் மாவட்டத்தில் யாரும் இல்லை. முந்தின நாளே அறிமுகம் செய்துகொள்ளுங்கள். அவர்கள் லைட் உங்கள் கண்ணில் பட்டால் மறுபடி இருட்டுக்குக் கண் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். சொல்லிவைத்தால் தலையைத் திருப்பிக்கொண்டு போவார்கள், நின்று பார்க்கவும் செய்வார்கள்.

மற்ற மாதங்கள் பற்றிக் கொஞ்சம். ஏப்ரல், மே மாதங்களில் மாலையானால் மலைமேல் இடி கூடும். ஆனால் மழை பெய்து தூசியைக் கழுவிய பிறகு நள்ளிரவில் சில நாட்கள் வானம் திறக்கும். அந்தத் தெளிவுக்கு ஈடு இல்லை, பால்வீதியும் அப்போது உயரத்தில் இருக்கும். தென்மேற்குப் பருவத்தில் உங்கள் ஊரை நம்ப வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிக் கிழக்கே போனால் மழை மறைவு, வானம் அடிக்கடி தெரியும். ஆனால் காற்று டெலஸ்கோப்பை நிற்க விடாது, முப்பந்தல் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகளும் கண்ணை இழுக்கும். செப்டம்பரில் மழை இடைவெளி விட்டால், இருட்டியவுடன் தென்மேற்கே பால்வீதி உயரமாக நிற்கும். டிசம்பர் 13, 14 ஜெமினிட் எரிகல் பொழிவு வடகிழக்குப் பருவத்தின் கடைசியில் வருவதால் கிடைத்தால் கிடைத்தது. கடற்கரைக்குப் போனால் தெற்கு திறந்திருக்கும்தான், ஆனால் உப்புக்காற்றின் மங்கலும் படகு விளக்குகளும் அங்கே உண்டு. திறந்த அடிவானமும் ஓரளவு இருட்டும் சேர்ந்து வேண்டும் என்றால் தெரிசனங்கோப்பு, அருமநல்லூர் வயல்வெளிகள் நல்ல நடுவழி.

இனி டெலஸ்கோப். 6 இன்ச் நல்ல அளவு. ஆனால் துருவ நட்சத்திரத்தை வைத்துச் சீரமைக்கும் வகைத் தாங்கியை வாங்காதீர்கள். நமக்குத் துருவ நட்சத்திரம் ஒரு கைக்கும் குறைவான உயரத்தில், மலைக்குப் பின்னால் இருக்கிறது. அந்தத் தாங்கிகள் பல இவ்வளவு தாழ்வான கோணத்துக்கு இறங்குவதும் இல்லை, இறக்கினால் எடைக்கம்பி காலில் இடிக்கும். தரையில் வைத்துக் கையால் திருப்பும் டாப்சோனியன் வகை போதும். கிரகம் பார்க்க நம் வானம் அருமையானது. வட இந்தியாவைக் குளிர்காலத்தில் கலக்கும் மேல்மட்டப் பெருங்காற்று இவ்வளவு தெற்கே எட்டுவதில்லை, கிரகங்களும் தலைக்கு அருகே கடந்து போகின்றன. சனியின் வளையம் ஆடாமல் நிற்பதைப் பார்க்கலாம்.

ஆனால் அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆண்டில் எட்டு மாதம் ஈரம். பெட்டிக்குள் மூடி வைத்த கண்ணாடியில் பூஞ்சை படர்ந்துவிடும். என் முதல் பைனாகுலர் ஒரே மழைக்காலத்தில், அலமாரிக்குள், சிலந்தி வலை மாதிரிப் படர்ந்து போனது. இன்றும் அதை நினைத்தால் வருத்தம்தான். சிலிக்கா ஜெல் போட்டுக் காற்றுப் புகாத டப்பாவில் கண்வில்லைகளை வைக்க வேண்டும், மாதம் ஒருமுறை ஜெல்லைச் சூடாக்கி உலர்த்த ஆள் வேண்டும். பார்க்கும் இரவிலும் பதினோரு மணிக்குள் பனி இறங்கிக் கண்ணாடி நனையும். குழாயின் முனையில் கறுப்புச் சார்ட் பேப்பரைச் சுருட்டி ஒரு முழம் நீளத்துக்கு மாட்டினால் பாதி தடுக்கலாம்.

காட்டுக்குள் போகிற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். கோதையாறு, கீரிப்பாறை, காளிகேசம் எல்லாம் வனத்துறை எல்லை, இரவில் அனுமதி கிடையாது, யானை நடமாட்டமும் உண்டு. உங்கள் விளையிலேயே கூட, உதிர்ந்த சருகுக்குள் பாம்பு இருக்கும். பூட்ஸ் போடுங்கள். சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச்சோடு முன்கூட்டியே ஓர் இடத்தைப் பெருக்கி வைத்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு உட்காருங்கள், நடுராத்திரியில் தோட்டத்தில் ஆள் நின்றால் யாருக்கும் பயம் வரத்தானே செய்யும். பஞ்சாயத்து எல்இடி விளக்கு ஒன்று முற்றத்தில் அடித்தால், வார்டு உறுப்பினரிடம் அணைக்கச் சொல்ல வேண்டாம். மேல்பக்கமும் பக்கவாட்டிலும் தகடு வைத்து ரோட்டுக்கு மட்டும் வெளிச்சம் விழும்படி செய்யக் கேளுங்கள். எங்கள் தெருவில் கேட்டதும் செய்துகொடுத்தார்கள், ரோட்டில் முன்னைவிட வெளிச்சம் கூடியது என்று எல்லோருக்கும் திருப்தி.

ஆகவே இந்த முறை டெலஸ்கோப் வேண்டாம். ஒரு 10x50 பைனாகுலரோடு மாசி அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் வந்து, நான்கு இரவு தங்குகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். சாய்வு நாற்காலி ஒன்று, போர்வை ஒன்று. தெற்கே எத்தனை கை மறைக்கிறது, மஞ்சு எத்தனை மணிக்கு ஏறுகிறது, தக்கலை வெளிச்சம் எவ்வளவு உயரம் வருகிறது என்று ஒவ்வோர் இரவும் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பைக் காட்டினால் உங்கள் முற்றத்துக்கு எந்த டெலஸ்கோப் பொருந்தும் என்று அடுத்த மடலில் திட்டமாகச் சொல்கிறேன்.